மிளகும் சீரகமும் மிதக்கும் கடல்



வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றும் பிள்ளைகளைப் பெற்ற குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. விடுமுறை கிடைத்ததும் பெற்றோரையும் மனைவி மக்களையும் அழைத்துச் சென்று அயல்நாடு ஒன்றைக் காட்டிவர வேண்டும் என்னும் ஆவல் அப்பிள்ளைகளுக்கு எழுவது இயல்பே. மத்தியதரைக் கடல் தீவுகளின் பெயர் அடிபடும்போது மட்டும் வீட்டுப் பெரியவர்கள் தயங்குகின்றனர். "அங்கே கடற்கரையும் களியாட்டமும் தவிர நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக ஒரு தீவை எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு குடும்பம் தன் நாட்களை எப்படிக் கழிக்கலாம் என்பதை இம்மாதம் காண்போம். அத்தீவு மால்டா.

சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், மால்டா, கோசோ, கொமினோ என்னும் மூன்று தீவுகளும் சில பாறைத் திட்டுகளும் சேர்ந்தது இந்நாடு. மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டர். பெரிய தீவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். 2021ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5 லட்சத்து 19 ஆயிரம். 2024இல் அங்கு வந்து சென்ற விருந்தினரோ 35 லட்சத்துக்கும் மேல். வீட்டாரைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு விருந்தாளிகள் வரும் இல்லம் அது என்பதை முதலிலேயே மனத்தில் கொள்வது நலம்.

பலகையைப் படியுங்கள்

மால்டாவில் இறங்கியவுடன் தெருப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை. எழுத்து ஆங்கிலத்தில் உள்ளது போன்ற இலத்தீன் எழுத்து. வாய்விட்டுப் படித்தாலோ மதரஸாவில் கேட்ட சொற்கள்! தெருவுக்கு 'த்ரீ', அரபியில் தரீக். வாசலுக்கு 'பீப்', அரபியில் பாப். கடல் 'பஹர்', ஞாயிறு 'ஷெம்ஷ்', நிலவு 'அமர்', ரொட்டி 'ஹொப்ஸ்', தண்ணீர் 'இல்மா'. வருகவென்று வரவேற்கும் சொல் 'மெர்ஹ்பா'.

கி.பி. 870இல் அக்லபிய அரசின் படை இத்தீவுகளைக் கைப்பற்றியது. சிசிலியில் வழங்கிய அரபு அதன்பின் இங்கே வேரூன்றியது. 1091இல் நார்மன் பிரபு ரோஜர் வந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் தீவை விட்டு அகற்றப்பட்டனர். மக்கள் அனைவரும் கத்தோலிக்கக் கிறித்தவராயினர். ஆயினும் பேச்சு மாறவில்லை. இத்தாலியச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் ஏராளமாகக் கலந்தும், அடித்தளம் அரபாகவே நிற்கும் மால்ட்டியம், 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகவும் உள்ளது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அதனை அர்வி என்றழைத்தனர். இவர்களோ அரபின் வழிவந்த மொழியை இலத்தீன் எழுத்தில் எழுதுகின்றனர். அர்விக் கிதாபுகளைக் கண்டு வளர்ந்த வீட்டினருக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை.

இச்சொற்களில் பொழுதுபோக்கு மட்டுமே இருப்பதாக எண்ண வேண்டா. ஊர்ப்பெயர்களே அத்தீவின் தலைசிறந்த வழிகாட்டிகள். 'மார்சா' என்று தொடங்கினால் அங்கே துறை உண்டு. 'ரம்லா' என்றால் மணற்கரை. பாறைக் கரைகளே மிகுந்த அந்நாட்டில் மணல் ஓர் அரிய செய்தி. 'வீத்' என்றால் அரபியின் வாதி. மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளத்தாக்கு. 'ஐன்' என்றால் ஊற்று. 'அதீரா' என்றால் குட்டை. மூன்றாம் தீவான கொமினோவை அந்நாட்டார் 'கெம்முனா' என்பர். அது சீரகத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான கம்மூன் என்பதிலிருந்து வந்தது. தெற்கே கடலில் தனித்து நிற்கும் சிறு பாறைத் திட்டு 'ஃபில்ஃப்லா'. மிளகைக் குறிக்கும் ஃபில்ஃபில் என்பதிலிருந்து அப்பெயர் எழுந்தது என்பர். மிளகும் சீரகமும் மிதக்கும் கடல் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் இதனை எளிதில் நினைவில் வைத்துக்கொள்வர்.

காற்றைக் கேட்டுக் கடலுக்குச் செல்க

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் நம் கடற்கரை ஊரினர். மால்டாவிலும் அவ்வாறே. வடமேற்கிலிருந்து வீசுவது மஜ்ஜிஸ்த்ரால். ஆண்டில் பெரும்பாலும் வீசுவது அதுவே. வடகிழக்கிலிருந்து வருவது க்ரிகால். குளிர்காலத்தில் கடலைக் கலக்குவது அது. தென்கிழக்கிலிருந்து வருவது ஷ்லொக். ஆப்பிரிக்கப் பாலைவனத்தின் வெப்பத்தையும் சில வேளை செம்புழுதியையும் சுமந்து வரும். மீன்பிடி ஊரான மார்சஷ்லொக், அக்காற்றின் பெயரையே தாங்கிய துறை.

பயணத் திட்டம் வகுப்போர் இங்கே ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்: காற்று எத்திசையிலிருந்து வருகிறதோ அத்திசையை நோக்கிய கரைக்கு அன்று செல்லாதிருங்கள். வடமேற்குக் காற்று வீசும் நாளில் மேற்குக் கரைகள் கொந்தளிக்கும். தெற்குக் கரை அமைதியாயிருக்கும். அன்று வீத் இஸ்-ஸுர்ரீக் என்னும் சிறு துறைக்குச் சென்றால், அங்கிருந்து படகோட்டிகள் நீலக் குகைக்கு அழைத்துச் செல்வர். இருபது நிமிடப் படகுப் பயணம். குகைக்குள் ஒளி புகுந்து நீரடி வெண்மணலில் பட்டுத் திரும்பும் காட்சியைக் காலைப் பொழுதில் காண வேண்டும். தென்காற்று வலுத்தால் படகு விடமாட்டார்கள். அப்போது படகோட்டியிடம் வற்புறுத்துவது பேதைமை.

சிறுவர்களை அழைத்துச் செல்வோருக்கு ஏற்றது வடக்கேயுள்ள மெல்லீஹா விரிகுடா. மால்டாவின் நீளமான மணற்கரை அதுவே. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவு நீர்தான். ஊரின் பெயர் உப்பைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. கரையை ஒட்டியுள்ள 'அதீரா' குட்டை முற்காலத்தில் உப்பளமாயிருந்தது. இன்று பறவைகளின் சரணாலயம்.

குடும்பப் பெண்கள் கடலில் கால் நனைப்பதெப்படி என்னும் தயக்கத்துக்கும் விடை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நண்பகலில் எந்தக் கரைக்குச் சென்றாலும் கூட்டமும் அரைகுறை ஆடையும் கண்ணில் படும். அதே கரை ஃபஜ்ருத் தொழுகை முடிந்து ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கும். மே மாதத்திலும் அக்டோபரிலும் கூட்டம் பெரிதும் குறையும். அக்டோபரில் கடல்நீர் இன்னும் இதமாகவே இருக்கும். கடல் எல்லோருக்கும் உரியது. நமக்கேற்ற வேளையைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையது. 'கடற்கரை நமக்கு ஆகாது' என்று சொல்லி வீட்டுப் பெண்களை விடுதி அறையில் அமர்த்திவிட்டு ஆண்கள் மட்டும் படகேறிச் செல்லும் பயணத்தைக் குடும்பப் பயணம் என்று சொல்வதெப்படி?

சில எச்சரிக்கைகள். கரையில் செங்கொடி பறந்தால் நீரில் இறங்கலாகாது. ஊதாக் கொடி, சொறிமீன் வந்துள்ளது என்பதன் அடையாளம். அது தீண்டிய இடத்தைக் கடல்நீரால் கழுவ வேண்டுமேயன்றி நன்னீரால் கழுவலாகாது. நன்னீர் பட்டால் எரிச்சல் பெருகும். மூச்சுக்கருவி அணிந்து ஆழ்கடலில் முக்குளிக்க விரும்பும் இளைஞர்கள் பயிற்சியாளருடனேயே இறங்க வேண்டும். முக்குளித்த பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் இதனை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நடப்பதற்கு ஒரு நாள்

கோடையில் மட்டும் சென்றவர் மால்டாவைக் கருகிய மஞ்சள் பாறை என்றே எண்ணுவர். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சென்றால் அதே பாறையிடுக்குகளில் புல்லும் காட்டுப் பூக்களும் நிறைந்திருக்கும். நடப்பதற்கு உகந்த பருவம் அக்டோபர் முடிவிலிருந்து மே தொடக்கம் வரை.

முதியவர்களும் மெல்ல நடக்கக்கூடிய ஒரு வழி சொல்கிறேன். மால்டாவில் காடு என்று சொல்லத்தக்கது புஸ்கெத் ஒன்றே. அதுவும் மனிதர் நட்டு வளர்த்த தோப்பு. செப்டம்பரில் ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா செல்லும் பருந்தினப் பறவைகள் மாலையில் அங்கே தங்க வந்து வட்டமிடும். அங்கிருந்து சற்றுத் தொலைவில், வெறும் பாறை நிலத்தில், வண்டிச் சக்கரம் அழுந்தியது போன்ற இரட்டைப் பள்ளங்கள் நெடுந்தூரம் ஓடுவதைக் காணலாம். அவற்றை யார், எக்காலத்தில், எதற்காக உண்டாக்கினர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. அப்படியே தெற்கே நடந்தால் டிங்லி செங்குத்துப் பாறைகள். நாட்டின் மிக உயர்ந்த இடம் அங்கேதான். ஏறத்தாழ 253 மீட்டர். நம் மலைகளோடு ஒப்பிட்டால் அது ஒரு குன்று. ஆனால் காலடியிலேயே தரை முடிந்து கடல் தொடங்கும்போது அந்த உயரத்தின் பொருள் விளங்கும். விளிம்புப் பாறை உதிரக்கூடியது. படம் எடுப்பதற்காக நுனிக்குச் செல்லற்க.

அக்கரையோரமாகக் கிழக்கே சென்றால் ஹஜர் ஈம் என்னும் பழங்கற்கோயிலை அடையலாம். ஹஜர் என்றால் கல் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அங்கிருந்து கடலை நோக்கிச் சரிவில் அரை கிலோமீட்டர் இறங்கினால் இம்னைத்ரா. பகலும் இரவும் சமமாகும் நாட்களில் சூரியனின் முதற்கதிர் அதன் வாயில் வழியே நேராக உள்ளே விழும். எகிப்தின் பிரமிடுகளுக்கும் பல நூற்றாண்டு முன்னர், இரும்போ செம்போ அறியாத மக்கள் எழுப்பியவை இவை. எதிரே கடலில் மிளகுத் தீவு தெரியும். 1971 வரை அதனைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்துச் சுட்டனர். இன்று அது கடற்பறவைகளின் காப்பிடம். பொதுமக்கள் இறங்குவதற்கு அனுமதியில்லை.

நாட்டுப்புறப் பாதைகளில் கற்களின் மீது ஆர்.டி.ஓ. என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். நம்மூர் வாகன அலுவலகத்தை நினைத்துக்கொள்ள வேண்டா. 'ஒதுக்கப்பட்டது' என்னும் பொருளுடைய குறி அது. தனியார் நிலமென்றோ வேட்டைக்காரர் உரிமை கொண்டாடும் இடமென்றோ பொருள். அத்தகைய இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

கோசோவில் ஒரு நாள்

மால்டாவின் வடமுனையான சிர்கெவ்வாவிலிருந்து வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல் 25 நிமிடத்தில் கோசோவைச் சேரும். தலைநகர் வலேட்டாவிலிருந்தே 45 நிமிடத்தில் செல்லும் விரைவுப் படகும் 2021 முதல் உண்டு. கோசோவை அந்நாட்டார் 'அவ்தெஷ்' என்பர். பரப்பு 67 சதுர கிலோமீட்டர். ஒரு வண்டி அமர்த்திக்கொண்டால் பெரியவர்களும் களைப்பின்றிப் பார்க்கலாம்.

காலையில் தீவின் நடுவிலுள்ள குன்றுக் கோட்டைக்குச் செல்லுங்கள். மதில்மேல் நடந்தால் தீவு முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். கோட்டைக்குள் இருக்கும் தொல்பொருட் காட்சியகத்தில் ஒரு பளிங்குக் கல் உண்டு. ஹிஜ்ரி 569 ஷஅபான் 16இல், அதாவது கி.பி. 1174 மார்ச் 21இல், மறைந்த ஹஸ்ஸானின் மகள் மைமூனா என்னும் பெண்ணின் மீஸான் கல் அது. கூஃபி எழுத்தில் பொறித்தது. பழைய ரோமானியப் பளிங்கு ஒன்றைத் திருப்பி, அதன் மறுபுறத்தில் செதுக்கியுள்ளனர். நார்மன்கள் ஆட்சி வந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தீவில் ஒரு முஸ்லிம் குடும்பம் தன் மகளுக்குப் பளிங்கில் கல் நாட்டும் நிலையில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. அவள் பெயரை நம் வீடுகளில் எத்தனை பெண்கள் தாங்கியிருக்கின்றனர்!

அதே கோட்டை மற்றொரு செய்தியையும் சொல்லும். 1551இல் உதுமானியக் கப்பற்படை கோசோவைத் தாக்கி, ஏறத்தாழ 5,000 மக்களைச் சிறைபிடித்து அடிமைகளாகக் கொண்டுசென்றது. தீவே வெறுமையாயிற்று. மறுபுறம், மால்டாவை ஆண்ட கிறித்தவ வீரர் சபையினர் வலேட்டாவில் முஸ்லிம் கைதிகளை அடிமைகளாக வைத்திருந்தனர். நம்மவர் பெருமையைத் தேடி மட்டும் சென்றால் பாதி வரலாற்றோடு திரும்புவோம். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவதே நேர்மை.

நண்பகலுக்குப் பின் வடகரையில் ஷ்வெய்னி உப்புப் பாத்திகளைப் பார்க்கலாம். கடலோரப் பாறையையே சிறு சிறு சதுரங்களாகக் குடைந்து, தலைமுறை தலைமுறையாகக் கோடையில் உப்பு வாருகின்றனர். அடுத்து ரம்லா இல்-ஹம்ரா. 'சிவந்த மணல்' என்னும் பெயருக்கேற்பக் கரை முழுதும் செம்பொன் நிறம். மாலைக்கு மேற்குக் கரையின் ட்வெய்ரா. அங்கே குன்றுகளுக்கு நடுவே கடல்நீர் தேங்கிய ஒரு வாவி உண்டு. சிறு படகில் ஏறி, மலையின் குடைவழியே நுழைந்து, மறுபுறம் திறந்த கடலுக்கு வந்து திரும்பலாம்.

ட்வெய்ராவில் முன்பு 'நீலச் சாளரம்' என்னும் மாபெரும் பாறை வளைவு நின்றது. பழைய படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் அதனைப் பலர் கண்டிருப்பர். மேற்பாறை உதிர்வதைக் கண்டு, அதன்மேல் நடப்பதற்கு அரசு தடை விதித்தது. 2017 மார்ச் 8ஆம் நாள் காலையில் வீசிய புயலில் அது முழுவதுமாகக் கடலில் சரிந்துவிட்டது. உடைத்தது கடல்தான். இருந்தும், 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று நாம் ஒத்திவைப்பவை யாவும் நமக்காகக் காத்திருப்பதில்லை என்பதை அந்த வெற்றிடம் சொல்லிக்கொண்டே நிற்கிறது.

சீரகத் தீவின் துன்பம்

கொமினோவின் நீலக் காயல், உலகமெங்கும் படமாகச் சென்ற இடம். மூன்றரைச் சதுர கிலோமீட்டர் தீவின் ஒரு மூலையில், வெண்மணல்மேல் பளிங்கு போன்ற நீர். படகு படகாக மக்கள் வந்து இறங்கி, குப்பையும் இரைச்சலும் பெருகி, அரிய செடிகள் மிதிபட்டன. இறுதியில் 2025 மே மாதம் முதல் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டி, முன்பதிவு செய்து கைப்பட்டை பெற்றவரே காயற்கரையில் இறங்கலாம் என்று விதி செய்தனர். செல்வோர் முன்னரே பதிவு செய்துகொள்ள வேண்டும். கூட்டத்தை விரும்பாதவர், காயலை விட்டுத் தீவின் உட்புறமாக நடக்கலாம். 1618இல் கட்டிய காவற்கோபுரம் ஒன்று அங்கே உண்டு. வசந்தத்தில் காட்டு ஓமத்தையொத்த தைம் செடியின் மணம் வழியெல்லாம் கூட வரும்.

இந்நாட்டில் ஓர் ஆறும் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஊற்றுக்கும் குட்டைக்கும் ஓடைக்கும் தேடித் தேடிப் பெயர் வைத்தவர்கள் நீரின் அருமை அறிந்தவர்கள். இன்று குழாயில் வரும் நீரில் பாதிக்கும் மேல் கடல்நீரை மின்சாரத்தால் நன்னீராக்கியது. விடுதியில் குழாயைத் திறந்துவிட்டு ஒலுச் செய்பவர், ஆற்றங்கரையிலும் நீரை விரயம் செய்யலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர் என்பதை மறக்கலாகாது.

உணவும் தொழுகையும்

உணவுக்கு அஞ்ச வேண்டியதில்லை; கேட்டு உண்ண வேண்டும். மீன் தாராளம். 'ஃப்தீரா' என்னும் தட்டை ரொட்டியில் தக்காளி, ஆலிவ், சூரை மீன் வைத்துத் தருவர். ஆட்டுப்பாலில் செய்யும் 'ஜ்பெய்னா' பாலாடைக்கட்டி கோசோவின் சிறப்பு. பேரீச்சம்பழம் வைத்துப் பொரிக்கும் 'இம்ஆரெத்' இனிப்பு வட ஆப்பிரிக்காவின் மக்ரூத் பலகாரத்துக்கு உடன்பிறப்பு. ஆயினும் சிலர் அதில் சோம்பு மது சேர்ப்பதுண்டு. நாட்டின் பெயர்பெற்ற முயற்கறியை மதுவில் வேகவைப்பதே வழக்கம். ஒரு கேள்வி கேட்டால் விடை கிடைக்கும்.

பாவ்லா என்னும் ஊரில் பள்ளிவாசல் உண்டு. அருகே மார்சாவில், உதுமானிய சுல்தான் அப்துல் அஸீஸ் செலவில் 1873–74இல் எழுப்பிய அழகிய முஸ்லிம் அடக்கத்தலமும் உண்டு. நடைப்பயணத்தில் இருப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தமிழகத்தில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா கிழக்கிலிருந்து சற்றே தெற்குச் சாய்ந்த திசை. ஷ்லொக் காற்று வரும் பக்கத்துக்கும் கிழக்குக்கும் இடையே முகம் திருப்பினால் போதும்.

பயணம் புறப்படும் முன் பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் சென்ற ஊரின் பெயர், அதன் அரபு மூலம், பெயர் சொல்லும் ஊற்றோ மணலோ துறையோ இன்றும் அங்கே இருக்கிறதா என்னும் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நாளில் பதினைந்து பெயர் சேர்ந்தாலும் போதும். 'அங்கே நமக்கு என்ன இருக்கிறது?' என்று தயங்கிய பெரியவர்களிடம், ஊர் திரும்பியதும் அந்தக் குறிப்பேட்டைப் படித்துக் காட்டட்டும். பயணங்களை நலமாக்கி, கண்டவற்றிலிருந்து கற்றுக்கொள்ளும் உள்ளத்தை நம் மக்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.